அடுத்த வீட்டு நெருப்பு

பூட்டிய வீட்டின் கூரையிலிருந்து புகை எழுவதை முதலில் பார்த்தவள் அஞ்சலைதான்.

பொழுது சாயும் நேரம். நாரைகள் ஏரியைக் கடந்து திரும்பிக்கொண்டிருந்தன. அவள் இரவல் புடவை கட்டி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றாள். நான் வலையிலிருந்து நண்டுக் கால்களைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, எங்க நைனா வூட்டுல அடுப்பு எரியுது" என்றாள்.

மழை வருகிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அவள் அப்பா வீராசாமியை எரித்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. வீட்டில் யாரும் இல்லை. கதவுச் சாவியை அவர் நெஞ்சின் மேல் வைத்து, அவரோடு சேர்த்தே சிதையில் ஏற்றியிருந்தோம்.

ஓட்டு இடுக்குகளில் புகை மெல்லக் கசிந்து, கூரை மேல் கொஞ்சம் தயங்கி, பிறகு கடல் பக்கம் போயிற்று. அதோடு ஒரு வாசனையும் வந்தது. நெருப்பில் வாட்டிய வாளைக் கருவாடு.

கரை ஏறிய மாலைகளில் வீராசாமி வேறெதுவும் தின்னமாட்டார். அது தெருவுக்கே தெரியும்.

பல் சரியில்லாதவன்

சதுரங்கப்பட்டினத்தில் துணி மூட்டை சுமந்து, அங்கே சண்டை போட்டுக்கொண்டு வடக்கே நடந்ததைச் சென்ற பகுதியில் சொல்லிவிட்டேன். பழவேற்காட்டுக்கு வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு வேட்டி, ஒரு கத்தி, பாதிப் படிப்பு. அகரம் தெரியும், கூட்டல் தெரியும். கழித்தல் சொல்லித்தரும் முன் வாத்தியார் காலமாகிவிட்டார்.

அப்போது கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்துகொண்டிருந்தது. பஞ்ச காலம். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் தரகர்களின் கொட்டகை ஒன்று இருந்தது. கடன் தீர்க்க முடியாதவர்களும் சோற்றுக்கு வழியில்லாதவர்களும் அங்கே போவார்கள். அரிசி கொடுத்து ஆளை எழுதிக்கொள்வார்கள். பிறகு கப்பல். கடலுக்கு அப்பால் பத்தாவியா என்பார்கள். போனவர் யாரும் திரும்பி வந்து அது எப்படி இருந்தது என்று சொன்னதில்லை.

நானும் ஒரு நாள் என்னை விற்கப் போனேன். தரகன் வாயைத் திறக்கச் சொன்னான். உள்ளே பார்த்துவிட்டு, "இத்த வச்சு இன்னாத்த கடிப்பே? போய்யா" என்று துரத்திவிட்டான்.

அந்தப் பல்லைப் பற்றி அப்போது வருத்தப்பட்டேன். பிறகு வருத்தப்பட்டதில்லை. அது இந்தப் பகுதியின் கடைசியில் வரும்.

பசியோடு கரையில் உட்கார்ந்திருந்தவனைச் சலங்கு ஓட்டிக்கொண்டிருந்த வீராசாமி கூப்பிட்டார். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த பெரிய படகு அது. கப்பல்கள் ஆழத்தில் நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் அலை உடைகிற இடத்தைத் தாண்டிச் சரக்கு கொண்டுபோவதுதான் வேலை. அவர் பின்னால் நின்று திசைத் துடுப்பைப் பிடிப்பார். பெரிய அலைகள் வரிசையாக வரும்போது ஒரு கையைத் தூக்குவார்.

"இரு" என்பார்.

அவ்வளவுதான். துடுப்புகள் எல்லாம் அப்படியே நிற்கும். அலைகள் போய், கடல் ஒரு மூச்சு விடும். அந்த இடைவெளியில் கை இறங்கும். நாங்கள் பாய்வோம். காலப்போக்கில் அந்தச் சொல்லுக்கு என் காது தேவைப்படவில்லை. என் கைகளுக்கே கேட்கத் தொடங்கியது.

பறக்காத வீடு

குப்பத்தில் எல்லாம் கூரைக் குடிசைகள். நடுவில் வீராசாமியின் வீடு மட்டும் செங்கல் வீடு. பார்ப்பதற்குத் தப்பாக இடம் மாறி வந்து நிற்பதுபோல இருக்கும்.

ஒரு புயலில் அவருடைய குடிசை விழுந்து, அதன் அடியில் அவர் மனைவி இறந்தார். அதன்பிறகு அவருக்கு ஒரே வெறி: பறக்காத வீடு. கப்பல்களில் பாரத்துக்காக ஏற்றி வந்த ஒல்லாந்துச் செங்கலில் உடைந்தவை மலிவாகக் கிடைத்தன. சுண்ணாம்புக்குளத்திலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு படகில் வந்தது. கதவில் சீமைப் பூட்டு. உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் ஒரே சாவியால் திறக்கும். அதற்காகவே தினமும் இரண்டு தடவை பூட்டிப் பார்ப்பார்.

பணம் கோட்டையிலிருந்து வந்தது. செத்துப்போன ஒல்லாந்தரின் பிள்ளைகள் பெரியவர்களாகும்வரை அவர்கள் பங்கை ஒரு பெட்டியில் வைத்து, வீடுகளின் மேல் வட்டிக்கு விடுவார்கள். குப்பத்தில் அதற்குச் "செத்தவன் பெட்டி" என்று பேர். வீராசாமி கட்டப்போகும் வீட்டையே அடகு வைத்து அதைக் கட்டினார். வட்டி தவறியதில்லை. முதல்தான் நகரவில்லை. கப்பல்கள் குறைந்துகொண்டே போயின.

பிறகு வந்த ஒரு காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. மணல் மேட்டில் நிற்கும் உடைசல் செங்கல் வீட்டை விற்றால் கடனில் பாதிகூடத் தேறாது என்று எல்லோருக்கும் தெரியும். மீதி யார் தலையில்? அவருக்குப் பிள்ளை அஞ்சலை ஒருத்திதான். புருஷன் கடலோடு போனவன். மீதியைக் கட்டாவிட்டால் அவளுக்கும் குழந்தைக்கும் எந்தக் கொட்டகை என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

பாடைக்கு முன்னால்

பிணம் வாசலில் கிடக்கும்போதே ஒல்லாந்தருக்கு மொழிபெயர்க்கும் கோட்டைத் துபாஷி வந்தார். கெட்ட மனிதர் அல்ல. பெட்டிக்குப் பதில் சொல்ல வேண்டியவர். செருப்பைத் தூரத்திலேயே கழற்றிவிட்டுக் குனிந்து கும்பிட்டார். பிறகுதான் கேட்டார்.

"யாரும்மா வாரிசு?"

"நான்தான் சாமி. ஆனா நான் வாரிசா இருக்கப் போறதில்ல."

துபாஷி நிமிர்ந்து பார்த்தார்.

அஞ்சலை ஊருக்குள் ஓர் ஒல்லாந்துச் சீமாட்டியின் வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். அந்தச் சீமாட்டியின் புருஷன் ஊர்ப்பட்ட கடன் வைத்துவிட்டுச் செத்தான். அவள் பக்கத்து வீட்டில் கவுன் இரவல் வாங்கி உடுத்தினாள். சொத்தும் வேண்டாம், கடனும் வேண்டாம் என்று வீட்டுச் சாவியைச் சவப்பெட்டியின் மேல் வைத்தாள். சவப்பெட்டி கிளம்புவதற்கு முன் வெறுங்கையோடு அதற்கு முன்னால் நடந்தாள். தெருவில் காத்திருந்த கடன்காரர்கள் தொப்பியைக் கழற்றி வழிவிட்டார்கள். இடுகாட்டு வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் உண்டு. அதுவரை பின்னாலேயே போய் அஞ்சலை எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"அந்தம்மா கடன ஒருத்தன் கேக்கல. வெள்ளக்காரிக்கு ஒரு ஞாயம், மீன் விக்கிறவளுக்கு ஒரு ஞாயமா?"

துபாஷி மீசையைத் தடவினார். "அவங்க வழக்கம் அப்படித்தான்" என்றார். "செய்யறதுன்னா முழுசாச் செய்யணும். உடம்புல அவர் வாங்கித் தந்த நூல்கூட இருக்கக்கூடாது. இந்த வீட்டுப் பொருள் கடுகளவு எடுத்தாலும், மறுபடி உள்ளே கால் வச்சாலும், கடன் உன்னுது."

"வயித்துல கீற சோத்த இன்னா பண்றது சாமி? அதுவும் அவரு போட்டதுதான்" என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிரித்தவர்கள் பிணத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்த வீட்டுக் கன்னியம்மா புடவை கொடுத்தாள். அஞ்சலை மூக்குத்தியைக் கழற்றி உள்ளே வீசினாள். குழந்தையின் அரைஞாண் கயிற்றைக்கூட அறுத்துப் போட்டாள். கதவைப் பூட்டிச் சாவியை நைனாவின் நெஞ்சில் வைத்தாள்.

அப்போதுதான் எல்லோருக்கும் அது உறைத்தது. கொள்ளிக்கு நெருப்பு எடுக்கவில்லை.

எங்கள் குப்பத்தில் ஒருவனை எரிக்கும் நெருப்பு அவனுடைய சொந்த அடுப்பிலிருந்துதான் போகவேண்டும். வீராசாமியின் அடுப்பில் உமியால் மூடிய கங்கு எப்போதும் உயிரோடு இருக்கும். கொள்ளிச் சட்டி பிடிக்க வேண்டியவர் பங்காளி முனியன். அவர் துபாஷியைப் பார்த்தார்.

"நெருப்பும் வீட்டுப் பொருள்தான்" என்றார் துபாஷி, வருத்தத்தோடு.

முனியன் சட்டியைத் தேளைப் போலக் கீழே வைத்தார். "எனக்கு மூணு பொட்டப் புள்ளைங்க சாமி. அண்ணங்காரன் மன்னிச்சுக்குவான்."

அஞ்சலை கன்னியம்மாவைப் பார்த்தாள்.

"பொடவ கேட்டா குடுக்கலாம்டி. பொணத்துக்கு அடுப்பு நெருப்பக் கேட்டா இன்னா சொல்றது?" என்றாள் கன்னியம்மா. ஆனாலும் கொடுத்தாள். கொடுத்துவிட்டு மீதிக் கங்குகளைத் தண்ணீர் ஊற்றி அணைத்ததையும் நான் பார்த்தேன்.

அப்படி அஞ்சலை பாடைக்கு முன்னால் வெறுங்கையோடு நடந்தாள். குப்பத்தில் எந்தப் பெண்ணும் நடக்காத இடம் அது. இரவல் நெருப்பானதால் முனியன் தைரியமாகச் சட்டியைத் தூக்கினார்.

சிதை சரியாகப் பிடிக்கவில்லை. காய்ந்த கருவேலம், நல்ல காற்று. இருந்தும் நெருப்பு ஓரத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. வெட்டியான் கழியால் கிளறிக்கொண்டே சொன்னான்: "இந்த நெருப்பு இந்த ஆள கண்டுக்கவே மாட்டேங்குது."

மறுநாள் எலும்பு பொறுக்கினோம். சாம்பலைச் சல்லடையால் சலித்தோம். இரும்புச் சாவி உருகாது. அது கிடைக்கவில்லை.

புகைக்கு வாரிசு

உமி நெருப்பு நாள்கணக்கில் நிற்கும். நான் பார்த்திருக்கிறேன். முதல் மாலை அப்படித்தான் எல்லோருக்கும் சொன்னேன். அடுத்த மாலையும் சொன்னேன். அதற்கடுத்த மாலை சொல்லவில்லை. உமி கருவாடு வாட்டாது.

தினமும் அதே நேரம். சலங்குகள் கரை ஏறி, ஆட்கள் உப்பைக் கழுவி வீட்டுக்குத் திரும்பும் நேரம். நாய்கள் அந்த வீட்டு நிழலை மிதிக்காமல் சுற்றிப் போயின. எளாவூரிலிருந்து வீட்டை வாங்கலாம் என்று வந்த ஒருவர், வாசனை பிடித்து, "யாரு சமைக்கிறது?" என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் வந்த வண்டியிலேயே ஏறிவிட்டார்.

துபாஷி மறுபடி வந்தபோது அவர் பல இரவு தூங்காதவர்போல இருந்தார்.

"அம்மா, வீட்டை வாங்க ஆள் இல்லை. கோட்டையில கேக்கறாங்க. புகை இருந்தா உள்ளே ஆள் இருக்கு. ஆள் இருந்தா வாரிசு இருக்கு. நீ ஒளிஞ்சு பொழங்கறேன்னு சொல்றாங்க."

"சாவி எங்க நைனாவோட பூட்ச்சு. நான் எப்படி சாமி உள்ள போவேன்?"

"எனக்குத் தெரியுது. பெட்டிக்குத் தெரியாதே. அமாவாசை அன்னைக்குக் கொல்லனைக் கூட்டிட்டு வர்றேன். பூட்டை உடைப்போம். அடுப்புல சூடு இருந்தா, நீ சாவி வச்சது செல்லாது."

அன்றிலிருந்து அஞ்சலை மாலைகளில் அந்த வீட்டு எதிரே போய் நிற்பாள். வாசற்படியைத் தொடமாட்டாள். ஒரு நாள் புகையைப் பார்த்து மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது.

"அணைச்சுடு நைனா. போதும். இந்தக் கொயந்தயப் பாத்தாவது அணைச்சுடு."

புகை அன்று வழக்கத்தைவிட நேரம் கழித்துத்தான் நின்றது.

அடுப்படி

நான் யோசித்தேன் என்று சொல்லமுடியாது. அவர் போட்ட சோற்றைத் தின்றவன். எனக்கு உறவு இல்லை, சொத்து இல்லை, கால் வைக்கக்கூடாத வீடு என்று எதுவும் இல்லை. ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டு வந்தால் வேலை முடிந்தது. அவ்வளவுதான் திட்டம்.

அமாவாசைக் காலையில் கொல்லைப்புறமாக ஏறி, ஓட்டைப் பிரித்து இறங்கினேன். குடத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினேன்.

உள்ளே கடல் சத்தம் கேட்கவில்லை. கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிற வீட்டில் அது கேட்காமல் போவதை நான் முதலில் காது அடைத்ததாகத்தான் நினைத்தேன். கதவிடுக்கால் வந்த மணல் தரை முழுக்க மெல்லிசாகப் படிந்திருந்தது. அதில் ஒரு காலடி இல்லை. மூக்குத்தியும் அரைஞாண் கயிறும் விழுந்த இடத்திலேயே கிடந்தன.

அடுப்பு முன்னால் மணை போட்டிருந்தது. அடுப்பில் சாம்பல் புதுசு, வெள்ளைவெளேரென்று. கையை நீட்டினேன். சூடு. ஊதினேன். கங்கு கண் திறந்தது.

அடுப்புக்கு மேலே அவர் வழக்கமாக மாட்டும் ஆணியில் சாவி தொங்கியது. கறுத்திருந்தது. அதன் பல்லில் சாம்பல்.

வெட்டியான் கொண்டுவந்து போட்டிருப்பான் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். அவன் தன் பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். பூட்டிய வீட்டுக்குள் அவன் எப்படி வந்து மாட்டினான் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் கேட்கிற பழக்கம் பசியோடு அலைகிறவனுக்கு வருவதில்லை.

குடத்தைத் தூக்கிச் சாய்த்தேன். என் கை நின்றுவிட்டது.

யாரும் பேசவில்லை. சத்தியமாக எதுவும் காதில் விழவில்லை. ஆனால் திசைத் துடுப்பிலிருந்து அந்தக் கை உயரும்போது துடுப்புகள் எப்படி நிற்குமோ அப்படி நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பெரிய அலைகள் போகிற நேரம்.

பிறகு எங்கோ கடல் ஒரு மூச்சு விட்டது. சத்தம் திரும்பி வந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் அணைக்கச் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார்.

வாசலில் கொல்லன் சாமான்களை இறக்கிவைக்கும் ஓசை கேட்டது. உடைந்த ஓடு ஒன்றில் கங்கை அள்ளினேன். சாவியை எடுத்து உள்ளேயிருந்து திருப்பினேன். எண்ணெய் போட்ட மாதிரித் திறந்தது.

சுத்தியலோடு நின்ற கொல்லன் அலறிக்கொண்டு பின்னால் விழுந்தான்.

"கையில என்ன?" என்றார் துபாஷி.

"நெருப்பு சாமி. வீராசாமிக்குப் போய்ச் சேர வேண்டியது."

"அது அந்த வீட்டுப் பொருள்."

"தெரியும்."

"எடுத்தவன் கடனையும் எடுத்தவன்."

"அதுவும் தெரியும் சாமி."

முனியன் குறுக்கே வந்தார். "இன்னாங்கய்யா இது? ஊர்சுத்திப் பய. இவன் எப்படி வாரிசாவான்?"

"கொள்ளி வைக்கிறவன் வாரிசுன்னு உங்க ஊர்லதானே சொல்றீங்க?" என்ற துபாஷி, ஓட்டுக் கங்கைக் காட்டினார். "நீங்க வாங்கிக்கறீங்களா?"

முனியன் கூட்டத்துக்குள் மறைந்தார்.

"அண்ணே, வாணாம்" என்றாள் அஞ்சலை. "உனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு? கப்பல்ல ஏத்திடுவாங்க."

துபாஷியும் அதையேதான் கேட்டார். "கட்டலேன்னா எங்கே போகணும்னு தெரியுமில்ல?"

நான் வாயைத் திறந்து காட்டினேன். "ஏற்கெனவே போயிட்டு வந்துட்டேன் சாமி. பல்லு சரியில்லன்னு அனுப்பிட்டாங்க."

தெரு வெடித்துச் சிரித்தது. அத்தனை நாள் அடக்கிவைத்த சிரிப்பு. கீழே கிடந்த கொல்லனும் சிரித்தான். துபாஷி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"வழிய வுடுங்க" என்றேன். "கங்கு ஆறிடும்."

சுடுகாட்டில் சிதை இருந்த இடம் கறுப்பு மணலாகக் கிடந்தது. அதன்மேல் கரையில் ஒதுங்கிய கட்டைகளை அடுக்கிக் கங்கை வைத்தேன். கடற்காற்று பலமாக அடித்தது. நெருப்பு சாயாமல், நிமிர்ந்து, ஒரே வீச்சில் எரிந்தது. உட்கார்ந்திருந்த வெட்டியான் எழுந்து நின்றுகொண்டான்.

"இப்ப கண்டுக்கிச்சு" என்றான்.

அன்று மாலை கூரையில் புகை இல்லை.

விருந்தாளி

எங்கேயும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்காதவன் நான். அந்த வீட்டில் பல மழைக்காலம் இருந்தேன். சலங்குக் கூலியில் பாதி பெட்டிக்குப் போயிற்று. அவருடைய இடத்தில் நின்று திசைத் துடுப்பு பிடிக்கவும் பழகினேன்.

அஞ்சலை வெகுநாள் வரவில்லை. தான் சம்பாதித்த புடவை கட்டி, கன்னியம்மாவின் புடவையைத் துவைத்துக் கொடுத்த அன்றுதான் வந்தாள். படிக்கு வெளியே நின்றாள். இடுப்பில் குழந்தை, கையில் ஓலையில் சுற்றிய வாளைக் கருவாடு.

"உள்ள வரலாமா?"

"உன் வூடுதானே."

"ஐயோ, அத்த மட்டும் சொல்லாத! காத்துல பூந்து துபாஷி காதுக்குப் போயிடும். இது உன் நைனா வூடு. நான் விருந்தாளி."

உள்ளே வந்தவள் அரைஞாண் கயிற்றைப் பார்த்தாள். எடுக்கவில்லை. நான் எடுத்துக் குழந்தை இடுப்பில் கட்டினேன். நான் கொடுத்தால் அது என் பொருள். பெட்டிக்கு அதில் பாத்தியதை கிடையாது.

அவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்து கருவாட்டை வாட்டத் தொடங்கினாள். ஓட்டு இடுக்குகளில் புகை ஏறியது. வெளியே தெரு அமைதியாகிவிட்டதை உள்ளேயிருந்தே உணர முடிந்தது. ஒரு நாய் ஊளையிட்டது.

"உள்ள யாரு?" என்று தெருவிலிருந்து கன்னியம்மா கத்தினாள்.

அஞ்சலை பதில் சொல்ல வாயெடுத்தாள். என்ன சொன்னால் அவள் பயம் தெளியும் என்று யோசிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது. கையைத் தூக்கினேன்.

"இரு" என்றேன்.

"சரி நைனா" என்றாள் அஞ்சலை, அடுப்பிலிருந்து திரும்பாமலே.

பிறகு நாங்கள் இருவரும் அசையவில்லை. நெருப்பில் கருவாடு சுருண்டு வாசனை வந்தது. தெருவில் கன்னியம்மா இன்னும் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.